உள்வாடகைக்கு வீடு விடும்போது ஆன்லைனில் பணம் போய்விட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தான் வாடகைக்கு இருக்கும் வீட்டைச் சில மாதங்களுக்கு வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுகிறவர், அப்படி ஒரு வீட்டைத் தேடுகிறவர் என இரண்டு பக்கத்தாரும் ஆன்லைன் பண மோசடியில் மாட்டுகிறார்கள். விடுகிறவருக்கு ஊரை விட்டுக் கிளம்பும் அவசரம். தேடுகிறவர் பெரும்பாலும் அந்த ஊருக்கு இன்னும் வந்தே சேரவில்லை. நேரில் முகம் பார்க்காமலே பணம் பேச வேண்டிய நிலைமை இரண்டு பேருக்கும். ஏமாற்றுபவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

உங்கள் பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் படித்துவிட்டு போனை எடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

பணம் சற்று முன்புதான் போனது. முதலில் யாரை அழைப்பது?

உங்கள் வங்கியை. விளம்பரம் போட்ட தளத்துக்கு மின்னஞ்சல் எழுதுவதும், அந்த ஆளுக்கு மறுபடி மறுபடி போன் போடுவதும் இப்போது வேண்டாம். வங்கி அட்டையின் பின்பக்கத்திலோ வங்கியின் செயலிக்குள்ளேயோ இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை நம்பாதீர்கள். போலி எண்களை அங்கேயும் நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு முறை ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் மாட்டினார்கள்.

பேசும்போது கதையை ஆதியிலிருந்து தொடங்க வேண்டாம். “மோசடியால் என் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது, அதைத் தடுத்து நிறுத்த வேண்டும்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் நேரம், தொகை, பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி. இவ்வளவு போதும். முடிக்கும்போது புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். பிற்பாடு வங்கியோடு தகராறு வந்தால், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. முதல் கணக்கிலிருந்து மூன்று நான்கு கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து ஏடிஎம் வழியாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். அது இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் நிற்கும்போதே உங்கள் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அந்த வங்கி அதை முடக்கி வைக்க முடியும். நள்ளிரவு என்று பார்க்காதீர்கள். பெரும்பாலான வங்கிகளில் மோசடிப் புகாருக்கான எண் 24 மணி நேரமும் வேலை செய்யும்.

வங்கியிடம் சொல்லியாகிவிட்டது. அரசுத் தரப்பில் எங்கே சொல்வது?

இருக்கும் நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் 1930 என்ற எண், கூடவே உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். 1930இல் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்கு அங்கிருந்தே தகவல் போகும். ஆகவே இந்தியாவில் வங்கியோடு சேர்த்து இதையும் உடனே செய்துவிட வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஆளுக்கொன்றாக அழையுங்கள். சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997. பிரிட்டனில் 159 என்று அழுத்தினால் உங்கள் வங்கிக்கே இணைப்புக் கிடைக்கும். அமெரிக்காவில் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் தளமான ஐசி3. வயர் மூலம், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாக, அனுப்பியிருந்தால் முதல் 72 மணி நேரத்துக்குள் அங்கே பதிவு செய்வது நல்லது. கனடாவில் உள்ளூர்க் காவல்துறையும் கனடிய மோசடித் தடுப்பு மையமும். ஆஸ்திரேலியாவில் ரிப்போர்ட்சைபர் என்ற அரசுப் புகார் தளம்.

வீட்டை விடுகிறவன் நான். பணம் எனக்குத்தானே வர வேண்டும்? எப்படி என்னிடமிருந்து போனது?

எல்லோருக்கும் குழப்பம் வருகிற இடம் இதுதான். இந்த மோசடியின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. வாங்க வேண்டியவரையே கொடுக்க வைப்பதற்கு அவர்களிடம் பல வழிகள் உண்டு. அடிக்கடி பார்ப்பது மூன்று.

இந்தியாவில் அதிகம் நடப்பது கியூஆர் குறியீடு. விளம்பரம் போட்ட சில மணி நேரத்தில் ஒருவர் அழைப்பார். ராணுவத்திலோ துணை ராணுவப் படையிலோ இருப்பதாகவும், உங்கள் ஊருக்கு மாற்றலாகி வருவதாகவும் சொல்வார். வீட்டைப் பார்க்க வரமாட்டார், வாடகையில் பேரம் பேசமாட்டார். சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அப்புறம் பேச்சு இப்படிப் போகும்:

“சார், எங்க அக்கவுண்ட் சாதாரண அக்கவுண்ட் மாதிரி இல்ல. நீங்க முதல்ல ஒரு ரூபாய் அனுப்புங்க, ரெண்டு ரூபாயா திரும்பி வரும். அப்புறம் அட்வான்ஸ் முழுசா போட்டுடறேன்.”

ஒரு ரூபாய் போகும். இரண்டு ரூபாய் நிஜமாகவே வரும். அந்த இரண்டு ரூபாய்தான் தூண்டில் புழு. அடுத்து ஒரு கியூஆர் குறியீடு வரும். அதன்மேல் அட்வான்ஸ் தொகை எழுதியிருக்கும். “இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்.” ஸ்கேன் செய்தால் திறப்பது பணம் செலுத்தும் திரை. தொகை தெரியும், யாருக்குப் போகிறது என்ற பெயர் தெரியும். ஆனால் கீழே குறிப்பு எழுதும் இடத்தில் ‘பணம் பெறுதல்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ இருக்கும். அதை எழுதி வைத்தவனும் அவனேதான். அந்த வரியைப் பார்த்துவிட்டு மேலே உள்ள பெயரைப் பார்க்காமல் பின்னைப் போட்டுவிடுகிறோம். முதல் முறை போனதும், “ஏதோ தப்பு ஆயிடுச்சு சார், திருப்பி அனுப்பறேன், மறுபடி ஸ்கேன் பண்ணுங்க” என்பான். அட்வான்ஸ் அளவுக்கு முதலில் போனது இரண்டு மடங்காவது இந்த இரண்டாவது ஸ்கேனில்தான்.

யுபிஐயில் பணம் பெற பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்கிறது என்றாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப் போகிறது. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு விடுக்கும் ‘கலெக்ட்’ கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் நிறுத்திவிட்டது. அந்த வாசல் மூடியதே தவிர, கியூஆர் வாசல் திறந்தேதான் இருக்கிறது.

இரண்டாவது வழி, அதிகப் பணம் அனுப்புவது. காசோலை இன்னும் புழக்கத்தில் உள்ள அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இது பழைய வித்தை. மாத வாடகை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,800க்குக் காசோலை வரும். “என் கம்பெனியில் சாமான் ஏற்றி வருகிறவருக்கான கூலியையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள், மீதி 1,800ஐ அவருக்கு அனுப்பிவிடுங்கள்” என்று ஒரு செய்தி. நீங்கள் அனுப்புகிற 1,800 உண்மைப் பணம். வந்த 2,800 வெறும் காகிதம்.

மூன்றாவது, போலி மின்னஞ்சல். பேபால், ஸெல் மாதிரிப் பணம் அனுப்பும் சேவையின் சின்னத்தோடு ஒரு கடிதம் வரும்: உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, ஆனால் உங்களுடையது தனிநபர் கணக்கு என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறோம், பிசினஸ் கணக்காக மாற்றுவதற்காக அனுப்புநர் 300 கூடுதலாகப் போட்டிருக்கிறார், அந்த 300ஐ அவருக்குத் திருப்பிக் கொடுத்தால் முழுத் தொகையும் விடுவிக்கப்படும். இப்படி ஒரு நடைமுறை எந்தச் சேவையிலும் கிடையாது. கடிதத்தை மூடிவிட்டு உங்கள் செயலியைத் திறந்து பாருங்கள். அங்கே பணம் இல்லை என்றால், எங்கேயும் இல்லை.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பணம் வாங்குகிறவர் தன் கணக்கு எண்ணையோ யுபிஐ முகவரியையோ கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஸ்கேன் பண்ணு, பின் போடு, மீதியை அனுப்பு, செயலியை இறக்கு என்று எது வந்தாலும் பேச்சை அங்கேயே வெட்டிவிடலாம்.

காசோலைப் பணம் என் கணக்கில் ஏறி, இருப்பிலும் காட்டியது. அப்புறம் எப்படிப் போலி என்கிறார்கள்?

இருப்பில் காட்டுவது வேறு, காசோலை உண்மையிலேயே பணமாவது வேறு. அமெரிக்காவில் காசோலை போட்ட சில நாட்களுக்குள் அந்தத் தொகையை வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ள விட வேண்டும் என்று வங்கிகளுக்குச் சட்டமே இருக்கிறது. காசோலை போலி என்று கண்டுபிடிக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் மோசடி நடக்கிறது. காசோலை திரும்பி வந்ததும் வங்கி முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய மீதித் தொகை உங்கள் தலையில். வங்கியே தன் பெயரில் எழுதிக் கொடுக்கும் காசோலை (கேஷியர்ஸ் செக்) என்றாலும் போலியாக அச்சடிக்க முடியும். ஆகவே அதன் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம்.

எனக்கு வந்தது உண்மையான பணம்தான். தவறுதலாக அதிகம் போட்டுவிட்டதாகச் சொல்லி வேறொரு கணக்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

கூடாது. ஒரு பைசாகூட அனுப்பக் கூடாது, செலவழிக்கவும் கூடாது. அந்தப் பணம் உங்களைப் போலவே ஏமாந்த இன்னொருவருடையதாக இருக்கலாம். அவர் புகார் கொடுக்கும்போது தடம் உங்கள் கணக்கில் வந்து நிற்கும். நீங்கள் நல்ல மனதோடு ‘திருப்பி’ அனுப்பியது விசாரணை அதிகாரியின் கண்ணுக்குத் திருட்டுப் பணத்தைக் கைமாற்றியதாகத்தான் தெரியும். கணக்கு முடங்கும், சம்பளம் வரும் கணக்காக இருந்தால் அந்த மாதம் திண்டாட்டம்தான். வங்கிக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். பணத்தை வந்த வழியிலேயே திருப்புவது வங்கியின் வேலை.

வீடு தேடியவள் நான். நேரில் போய்ப் பார்த்தேன், சாவியும் அவரிடம் இருந்தது. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் மோசடி என்று தெரிந்தது. இப்படியும் நடக்குமா?

நடக்கும். இந்த வகையில் மாட்டியவர்கள்தான் தங்களை அதிகமாக நொந்துகொள்கிறார்கள், பாவம். ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள்.

சாவி இருப்பதால் மட்டும் ஒருவருக்கு வீட்டின் மேல் உரிமை வந்துவிடாது. நாலைந்து நாளைக்கு விடுமுறை வாடகைத் தளத்தில் அந்த வீட்டை எடுத்திருப்பான். அந்த நாட்களில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, ஒரே அறையைப் பலருக்குக் கொடுத்து, எல்லோரிடமும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவான். எல்லோருக்கும் குடிபோகும் தேதி ஒன்றாகவே இருக்கும். பெட்டியோடு வாசலில் நிற்கும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். வேறு சில இடங்களில் அவன் உண்மையான வாடகைதாரனாகவே இருப்பான். வாடகை கட்டாமல் வெளியேற்றும் நோட்டீஸ் வாங்கியவன், போகிற போக்கில் உங்கள் அட்வான்ஸையும் எடுத்துக்கொண்டு போவான்.

இப்படி மாட்டியிருந்தால் அந்தக் கட்டடத்தின் உரிமையாளரையோ நிர்வாகத்தையோ உடனே தேடிப் பிடியுங்கள். விடுமுறை வாடகைத் தளம் வழியாக வந்தவன் என்றால் தளத்திடம் அவனுடைய பதிவு விவரம் இருக்கும். உங்களுக்குத் தரமாட்டார்கள், காவல்துறை கேட்டால் தருவார்கள். உங்களோடு ஏமாந்த மற்றவர்கள் கிடைத்தால் எல்லோரும் தனித்தனியாகப் புகார் கொடுத்து, ஒருவர் புகாரில் மற்றவரின் புகார் எண்ணைக் குறிப்பிடுங்கள். ஒற்றைப் புகார் பணத் தகராறு என்று ஓரங்கட்டப்படலாம். ஏழு பேர் ஒரே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அப்படித் தள்ளிவிட முடியாது.

“நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் பொறுப்பில்லை” என்கிறது வங்கி. அது சரியா?

பாதி சரி. உங்களுக்குத் தெரியாமல் யாரோ கணக்குக்குள் நுழைந்து எடுப்பதையும், ஏமாந்து நீங்களே அனுப்புவதையும் பெரும்பாலான நாடுகளின் சட்டம் வேறு வேறாகவே பார்க்கிறது. முதல் வகைக்குப் பாதுகாப்பு அதிகம். இரண்டாவதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் உண்டு.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், நாட்டுக்குள்ளேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும் என்பது கட்டாயம். கடைசியாகப் பணம் அனுப்பிய நாளிலிருந்து 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். 100 பவுண்டு வரை வங்கி கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அட்டையில் கொடுத்ததும் இதில் வராது. அமெரிக்காவில் நீங்களே அனுப்பியதற்கு இப்படிப்பட்ட கட்டாயம் கிடையாது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு அவருடையது என்கிறது. ஆனால் அதே விதியில், புகார் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது என்றும் இருக்கிறது. புகார் எண்ணை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கடன் அட்டையில் கொடுத்திருந்தால் ‘சார்ஜ்பேக்’ கேளுங்கள், அதாவது அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திருப்பித் தரும்படி அட்டை கொடுத்த வங்கியிடம் கேட்பது. அதற்குக் காலக்கெடு உண்டு, ஆறப்போடாதீர்கள். பேபாலில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற பிரிவில் அனுப்பியிருந்தால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடைக்காது. கட்டணம் மிச்சமாகும் என்று அவன் அந்தப் பிரிவில் அனுப்பச் சொன்னதே அதற்காகத்தான். கனடாவில் இன்டராக் என்ற பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பியது எதிராளியின் கணக்கில் ஏறும்வரை ரத்து செய்யலாம், ஏறிவிட்டால் முடியாது.

வங்கி கைவிரித்தால் விஷயம் அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், செலவு கிடையாது. பிரிட்டனிலும் நிதிச் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மேன் இருக்கிறார்.

உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்டேன். புகார் கொடுத்தால் வீட்டுக்கே உலை வைத்த மாதிரி ஆகிவிடாதா?

இந்தப் பயத்தாலேயே வாயை மூடிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஏமாற்றுபவர்களுக்கும் இது தெரியும். “போலீசுக்குப் போனா உன் ஓனருக்கும் தெரியும்” என்று மிரட்டிய கதைகள் உண்டு.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்த விஷயம். பணத்தை ஏமாற்றிப் பறித்தது குற்றம். முதலாவது இருப்பதால் இரண்டாவது இல்லாமல் போய்விடாது. வங்கியிடம் புகார் செய்யும்போது யாரும் உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தைக் கேட்பதில்லை. காவல்துறையிடம் மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள். வீடு என் பெயரில் என்று எழுதிக் கொடுத்துப் பிற்பாடு மாட்டிக்கொண்டால், நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உரிமையாளருக்குத் தெரிந்தால் ஒப்பந்தத்தை முறிக்க அவருக்கு உரிமை இருக்கலாம், அதை மறைக்கவில்லை. வீட்டை விடுபவராக நீங்கள் பணத்தை மட்டும் இழந்து, யாரும் உள்ளே வராமல் இருந்தால் பெரும்பாலும் பேசித் தீர்க்கலாம். ஆனால் அவன் ஆளை உள்ளே விட்டுவிட்டீர்கள், சாவி அவன் கையில் என்றால் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுவதுதான் என் கட்சி. அந்த வீட்டில் எது நடந்தாலும் உரிமையாளர் உங்களைத்தான் கேட்பார்.

பாஸ்போர்ட், ஆதார் நகலெல்லாம் அனுப்பிவிட்டேன். என்ன ஆகும்?

உங்கள் பெயரில் கடன் வாங்கவோ, சிம் எடுக்கவோ முயலலாம். அதைவிடச் சாதாரணமாக நடப்பது, அடுத்த விளம்பரத்தில் ‘வீட்டுக்காரர்’ நீங்களாகிவிடுவது. உங்கள் அட்டையைக் காட்டி இன்னொருவரை ஏமாற்றுவான். ஆகவே நகல்கள் போய்விட்டதையும் புகாரில் கட்டாயம் எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் அந்தப் புகாரின் தேதி உங்களைக் காப்பாற்றும். கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் உங்கள் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி கடன் பதிவைச் செலவில்லாமலே முடக்கி வைக்கலாம். இந்தியாவில் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. இனி யாருக்காவது ஆதார் தர வேண்டியிருந்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். எந்த நகலானாலும் குறுக்கே ‘இன்ன வீட்டு வாடகைக்காக மட்டும்’ என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

எனிடெஸ்க் மாதிரி, என் போன் திரையை வேறொருவர் தூரத்திலிருந்தே பார்க்க விடும் ஒரு செயலியை இறக்கச் சொன்னான், இறக்கினேன்.

இணையத்தை உடனே துண்டியுங்கள். அப்புறம் செயலியை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து, ஆன்லைன் சேவையையே நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு கருவியிலிருந்துதான் மாற்ற வேண்டும். அவன் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆகவே ஓடிபி உட்படத் திரையில் வந்த எல்லாம் அவனுக்கும் தெரியும்.

அவன் இன்னும் வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிறான். தொடர்ந்து பேசலாமா? நாலு வார்த்தை திட்டினால்தான் மனசு ஆறும்.

திட்டினால் பிளாக் செய்துவிட்டுப் போவான், உங்களிடம் இருக்கும் ஒரே கண்ணியும் அறுந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் சேமியுங்கள்: உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியால் முழுதாகவும், கூடவே எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டாகவும். விளம்பரப் பக்கம், அவன் அனுப்பிய அட்டைகள், கியூஆர் படம், குரல் பதிவுகள் எல்லாம் வேண்டும். மின்னஞ்சல் என்றால் அழிக்காமல் அப்படியே வையுங்கள். அது எந்த வழியாக வந்தது என்று காட்டும் ‘ஹெடர்’ விவரங்கள் விசாரணைக்கு உதவும். இதெல்லாம் ஆன பிறகு பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். பேசிப் பேசியே பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று முயன்றவர்கள் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

போன பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் தொடர்பு கொண்டார். முன்பணம் கேட்கிறார்.

அவரும் அதே கூட்டம்தான், அல்லது அந்தக் கூட்டத்திடமிருந்து உங்கள் எண்ணை வாங்கியவர். ஒரு முறை ஏமாந்தவர்களின் பட்டியலை விலை பேசி விற்கிறார்கள். வக்கீல், ஹேக்கர், சைபர் அதிகாரி என்று எந்த வேஷத்தில் வந்தாலும் சரி, முன்பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள். போலீசோ வங்கியோ பணத்தை மீட்கக் கட்டணம் வாங்குவதில்லை.

நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருக்கிறேன். நான் எப்படி இதில் விழுந்தேன்?

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாடகை இரட்டைச் செலவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்னும் மூன்று நாளில் விமானம் என்கிற நிலையில், பேரம் பேசாமல் ஒருவர் “சரி” என்கிறார். யாருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த நிம்மதியில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் பெயரைச் சொல்லி அவர்களுக்கும் போன் வரலாம்.

பணம் திரும்பி வர எவ்வளவு நாள் ஆகும்?

தடுத்து வைக்க முடிந்ததா என்பது பெரும்பாலும் சில நாட்களில் தெரிந்துவிடும். தடுத்த பணம் உங்கள் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். இந்தியாவில் நீதிமன்ற உத்தரவு தேவைப்படவும் கூடும். முழுத் தொகையும் வராமல் ஒரு பகுதி மட்டும் வருவதும் சகஜம். முதல் நாளே வெளியேறிவிட்ட பணம் திரும்புவது அபூர்வம். இதைத் தெரிந்துகொண்டே புகாரைத் தொடருங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி அடுத்த செலவைத் திட்டமிடாதீர்கள்.

மறுபடி விளம்பரம் போட வேண்டும். இந்த முறை எதைக் கவனிப்பது?

வீட்டை விடுகிறவர் என்றால்: வருகிறவரோ, அவர் சார்பில் ஒருவரோ வீட்டை வந்து பார்க்க வேண்டும். முடியாது என்றால் வீடியோ அழைப்பில் முகம் காட்டிப் பேச வேண்டும். கேமரா ரிப்பேர் என்பவரோடு மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. சொன்ன தொகை மட்டும், ஒரே தவணையாக, அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வர வேண்டும். வந்ததா என்பதை உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள்; குறுஞ்செய்தியும் ஸ்கிரீன்ஷாட்டும் கணக்கில் சேராது, இரண்டையும் போலியாகச் செய்யும் செயலிகள் இருக்கின்றன.

தேடுகிறவர் என்றால் விளம்பரப் படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படங்கள் வேறு ஊரில், வேறு விலையில் கிடந்தால் விஷயம் முடிந்தது. உள்வாடகைக்கு விடுபவரிடம் அவருடைய வாடகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள், உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். உரிமையாளர் என்று அவர் கொடுக்கும் எண் அவருடைய கூட்டாளியுடையதாகவும் இருக்கலாம், ஆகவே கட்டட நிர்வாகத்திடமோ பக்கத்து வீட்டிலோ தனியாக விசாரியுங்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டதும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பவருக்கு விளக்கமே வேண்டியதில்லை. பிரிட்டனிலும், 2025 அக்டோபர் முதல் யூரோ நாடுகளிலும், பணம் அனுப்புமுன் கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று வங்கி சொல்லிவிடும். பொருந்தவில்லை என்று வந்தால் “அது என் மனைவியின் கணக்கு” போன்ற சமாதானங்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் கேட்டால் நல்ல ஆளும் ஓடிவிட மாட்டாரா?

சிலர் ஓடலாம். ஆனால் நிஜமாகவே வீடு வேண்டியவருக்கும் இதே பயம் இருக்கிறது. அவர் உங்களிடம் இதே காகிதங்களைக் கேட்கப் போகிறார். உங்கள் வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் தயாராக வைத்திருந்து நீங்களே முதலில் காட்டிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியும். ஒப்பந்த எண், கையெழுத்து இருக்கும் இடங்களை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

பழைய விளம்பரத்தை எடுத்துவிடலாமா?

ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தளத்தில் அந்த ஆளின் கணக்கைப் பற்றிப் புகார் பதிந்த பிறகு எடுத்துவிடுங்கள். எடுத்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வீட்டுப் படங்களை நீங்களே தேடிப் பாருங்கள். அவன் அவற்றைச் சேமித்து வைத்திருப்பான். உங்கள் வரவேற்பறை வேறொரு பெயரில், பாதி வாடகைக்கு எங்காவது தென்பட்டால் அந்தத் தளத்துக்கு உடனே எழுதிவிட்டு, ஏற்கெனவே வாங்கிய புகார் எண்ணோடு அந்த இணைப்பையும் காவல்துறைக்கு அனுப்புங்கள்.